அம்மாவின் கையெழுத்து செல்லாது, சரி. அப்புறம்?

நோயாளியின் ஒப்புதல் பற்றிப் பேச்சு வந்தால் சமீரா கோலி வழக்கைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். 2008 ஜனவரி 16-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. அதை இப்போதுதான் முழுசாக உட்கார்ந்து படித்தேன். பாதிக்குத்தான் கை தட்ட முடிந்தது.

நடந்தது இது. 1995-ல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், மாதவிடாய் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று மருத்துவரிடம் போகிறார். லேப்ராஸ்கோப்பிக்கும், தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்பதற்கும் கையெழுத்துப் போடுகிறார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது உதவி மருத்துவர் வெளியே வந்து, கர்ப்பப்பையை எடுக்க அவருடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்குகிறார். கர்ப்பப்பையோடு சினைப்பைகளும் சினைக்குழாய்களும் போய்விட்டன.

உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. அவர் மயக்கம் தெளியும்வரை காத்திருந்து கேட்டிருக்கலாம். எனவே அம்மாவின் ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். சிகிச்சை சரியானதாகவே இருந்தாலும், நல்லெண்ணத்தில் செய்திருந்தாலும், கேட்காமல் செய்தது தப்பு. வீட்டு ஆளைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியே பழகிய நம் நாட்டில் இது பெரிய விஷயம்தான்.

சரி, நோயாளியிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்? இங்கேதான் தீர்ப்பு பின்வாங்குகிறது. நோயாளி முடிவெடுக்க என்னென்ன தெரிய வேண்டுமோ அதைச் சொல் என்பது 1972-ல் அமெரிக்காவில் வந்த கேன்டர்பரி தீர்ப்பின் அளவுகோல். நம் நீதிமன்றம் அது வேண்டாம் என்றது. மருத்துவர்கள் வழக்கமாக எவ்வளவு சொல்வார்களோ அது போதுமாம். காரணம்? இங்கே சிகிச்சைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், படிக்காதவர்கள், மருத்துவச் சொற்கள் அவர்களுக்குப் புரியாது.

எனக்கு இந்த வாதம் தலைகீழாகப் படுகிறது. புரியாதவருக்கு இன்னும் பொறுமையாக, எளிமையாகச் சொல்ல வேண்டும் என்பதல்லவா முடிவாக இருக்க வேண்டும்? மென்பொருளில் 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை எதையும் படிக்காமல் அழுத்துகிறோம். யாருமே படிப்பதில்லை, அதனால் விளக்கமே வேண்டாம் என்று நாங்கள் முடிவு கட்டினால் ஏற்பீர்களா?

2015-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மாண்ட்கோமரி வழக்கில் இதற்குப் பதில் சொன்னது. நோயாளிக்குப் புரியாத தகவலை அவர் தலையில் கொட்டுவதும், படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் கடமையை முடித்ததாகாது. அந்த நோயாளிக்கு எது முக்கியமோ, அதை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். நம் நீதிமன்றம் சாய்ந்து நின்ற பிரிட்டனின் பழைய அளவுகோலை அந்த நாடே விட்டுவிட்டது.

அந்தப் பெண் கேட்டது 25 லட்சம். கிடைத்தது 25,000 ரூபாய். அறுவைச் சிகிச்சைக்கான கட்டணமும் மருத்துவருக்குக் கிடையாது என்றார்கள். உரிமை உண்டு என்று சொல்லி, அதற்கு இவ்வளவு மலிவாக விலை வைத்தால் யார் பயப்படுவார்கள்?

ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். தனியார் மருத்துவமனைகள் இன்னும் வணிகமயமாகி, மக்களிடம் விழிப்புணர்வும் கூடினால், கேன்டர்பரி பக்கம் நகர வேண்டிய நாள் வரலாம் என்று அதே தீர்ப்பே சொல்கிறது. அந்த நாள் எப்போதோ வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் அப்போதும், மருத்துவர் சொல்வது புரியவில்லை என்று வாய்திறந்து கேட்கத் தயங்குகிற அரசு மருத்துவமனை வரிசைக்காரருக்குத்தான் அந்த உரிமை முதலில் போய்ச் சேர வேண்டும்.