வேலை தேடுபவரிடம் எப்படிப் பேசுவது?

சித்தூர் மாவட்டம் குடுபல்லி வட்டாரத்துச் சிகரகுண்டா, பிசாநத்தம் தங்கச் சுரங்கங்கள் 2001-இல் நின்றன. பக்கத்துக் கோலார் தங்கவயலும் அதே ஆண்டுதான் மூடப்பட்டது. இன்று இங்கே படித்த பிள்ளைக்கு வேலை என்றால் பெரும்பாலும் பெங்களூரு ரயில்தான். அந்தப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று வேலைவாய்ப்பு ஆலோசகர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். தேவையான பயிற்சி, அதன் பலனைக் கண்கூடாகவே காட்டலாம்.

"டிகிரி முடிச்சு ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டால், "சும்மாதான் சார் இருந்தேன்" என்பார்கள். படிவத்தில் 'அனுபவம் இல்லை' என்று ஏறிவிடும். பயிற்சி பெற்றவர், "காலையில எழுந்ததும் வீட்ல என்ன வேலை?" என்று கேட்பார். பட்டுப்புழுவுக்கு வேளை தவறாமல் மல்பெரி இலை போட்டது, கொட்டகையில் சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டது, கூட்டைச் சந்தைக்குக் கொண்டுபோய் விலை பேசியது எல்லாம் அப்போது வெளியே வரும். கேள்வி மாறினால் ஆளே மாறித் தெரிகிறார். 1983-இல் குடிநோயாளிகளுக்காக உளவியலாளர் வில்லியம் மில்லர் முன்வைத்த உரையாடல் முறையின் சாரமும் இதுதான்: உபதேசம் செய்யாதே, அவரையே சொல்ல விடு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 'தன்னம்பிக்கை இல்லாததால்தான் வேலை இல்லை' என்ற எண்ணம் இந்தப் பயிற்சிகளில் சத்தமில்லாமல் புகுந்துவிடுகிறது. ஆஸ்திரியாவின் மரியந்தால் ஊரில் ஆலை மூடிய பிறகு நடந்த ஆய்வு, 1933-இல் நூலாக வந்தது. கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும் அங்கே நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனதை அது பதிவு செய்தது. வேலை போனதால் வந்த சோர்வு அது. சுரங்கம் மூடிய ஊர்ப் பிள்ளையிடம் 'பாசிட்டிவாக இருங்கள்' என்பது, நோயாளியையே குற்றவாளி ஆக்குவது.

இன்னொன்று மொழி. இங்கே பல வீடுகளில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு, ரயில் இறங்கினால் கன்னடம். மனம்விட்டுப் பேசச் சொல்லும் பயிற்சி, எந்த மொழியில் என்பதையும் முடிவு செய்தாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், ஆலோசகர் கையில் வேலை இருக்கிறதா? காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொன்ன 1959-ஆம் ஆண்டுச் சட்டமே, அங்கே பதிந்தவரைத்தான் எடுக்க வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே பயிற்சி நாட்களில் பாதியையாவது வேறு பாடத்துக்கு ஒதுக்கலாம்: எந்த ரயில் எத்தனை மணிக்கு, பெங்களூரில் அறை வாடகையும் சாப்பாடும் போகச் சம்பளத்தில் என்ன மிஞ்சும், இரவு ஷிப்ட் முடிந்த பெண்ணை யார் கொண்டுவந்து விடுவார்கள். பெற்றோர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.