கி.ரா.வின் கதைகளும் சொன்னவர்களின் குரலும்

கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனை (1923–2021) பலருக்கு நாவலாசிரியராகத்தான் தெரியும். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991ல் சாகித்ய அகாதமி விருது வாங்கியவர். என் கணக்கில் அவர் முதலில் கதைசொல்லி. அவர் நடத்திய பத்திரிகைக்கும் அதே பெயர்தான்.

நாட்டுப்புறக் கதை என்பது ரெண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. ஒருத்தர் சொல்லணும், இன்னொருத்தர் 'ஊம்' கொட்டணும். அச்சில் ஏறியதும் அந்த 'ஊம்' போய்விடும். கி.ரா. பேச்சு நடையிலேயே எழுதியதால், படிக்கிறவர் தன்னையறியாமல் ஊம் கொட்டுகிறார். 'நாட்டுப்புறக் கதைக் களஞ்சிய'த்தின் பலம் அதுதான்.

குறையும் அங்கேதான் இருக்கு. கதைகள் பலர் வாயிலிருந்து வந்தவை. காதில் விழுவதோ பெரும்பாலும் இடைசெவல்காரர் ஒருத்தரின் கரிசல் குரல். எங்க பக்கம் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளை அச்சில் வார்ப்பார்கள். ஒரே அச்சு என்றால் எத்தனை பொம்மை வந்தாலும் முகம் ஒன்றுதான். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுப்பிலும் இதேதான் நடந்தது. 1812ல் வெளிவந்ததை வில்ஹெல்ம் 1857 பதிப்பு வரை செதுக்கிக்கொண்டே இருந்தார். நடை அழகாச்சு, கதை சொன்ன பெண்களின் குரல் மங்கிடுச்சு.

அதுக்காக கி.ரா.வை ஒதுக்க முடியாது. அவர் எழுதாமல் விட்டிருந்தால் குரலோடு கதையும் போயிருக்கும். ஆனால் இன்னைக்கு எல்லார் கையிலும் இருக்கிற செல்போனே ஒலிப்பதிவுக் கருவி. மங்களூர் பக்கத்துப் பாட்டி சொல்லும் கதை நடுநாட்டுப் பேச்சிலேயே, அவர் பெயரோடும் ஊரோடும் பதிவாகணும். கி.ரா.விடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் நடையை இல்லை, உட்கார்ந்து கேட்ட பொறுமையை.