தீ மூட்டியவர்கள் யார்?
பயணக் கட்டுரைகள் குறித்து ஒரு திறனாய்வு

நம் கத்தோலிக்க இதழ்களில் பயணக் கட்டுரைக்கு என்றும் ஓர் இடம் உண்டு. திருநாடு, உரோமை, லூர்து, பாத்திமா எனத் திருப்பயணம் சென்று திரும்புவோர் தாம் கண்டவற்றை எழுதித் தருகின்றனர். புனித பவுலின் அடிச்சுவடுகளைத் தேடிச் செல்வோர், மத்தியதரைக் கடலின் நடுவே கிடக்கும் மால்தாத் தீவைப் பற்றியும் எழுதுவதுண்டு. வாசகர்கள் ஆவலோடு படிக்கின்றனர். எனினும் இக்கட்டுரைகளை இலக்கியம் என்னும் உரைகல்லில் உரசிப் பார்ப்போர் அரியர். பக்தியோடு எழுதப்பட்டது என்ற ஒரே காரணத்தால் எந்தக் கட்டுரையும் நல்ல கட்டுரை ஆகிவிடாது.

இவ்வகைக் கட்டுரைகளின் பொது அமைப்பு நாம் அறிந்ததே. விமானம் புறப்பட்ட நேரம் இருக்கும். தங்கிய விடுதியின் வசதி இருக்கும். பேராலயத்தின் நீள அகலமும் அது கட்டப்பட்ட ஆண்டும் இருக்கும். உணவில் காரம் இல்லை என்ற குறை இருக்கும். இறுதியில் ‘காணக் கண் கோடி வேண்டும்’ என்றொரு வியப்பு இருக்கும். அந்த ஊரில் வாழும் மனிதர் மட்டும் இருக்கமாட்டார். கட்டுரையாளர் அங்கே யாரோடு பேசினார், யார் கையால் உண்டார், யாருக்குக் கடன்பட்டார் என்பதை நாம் அறிய முடிவதில்லை. பார்வையாளராகச் சென்றவர் பார்வையாளராகவே திரும்பிவிடுகிறார்.

இதே மால்தாவைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பயணக் குறிப்பு, நற்செய்தியாளர் லூக்கா எழுதியதாகும். திருத்தூதர் பணிகள் நூலின் 27, 28ஆம் அதிகாரங்களை நாம் மறையுரைக்காகப் படித்திருக்கிறோம். பயண இலக்கியமாகப் படித்ததில்லை. அவ்வாறு படித்தால் சில உண்மைகள் புலப்படும்.

கப்பலில் 276 பேர். பதினான்கு நாள் புயலில் அலைக்கழிந்து, கப்பல் உடைந்து, நீந்தியும் பலகைகளைப் பற்றியும் கரை சேருகின்றனர். சேர்ந்த பின்னரே தீவின் பெயரை அறிகின்றனர். மழையும் குளிரும் வாட்டுகின்றன. தீவினர் தீ மூட்டி அனைவரையும் வரவேற்கின்றனர். வந்தவர்களுள் கைதிகள் உண்டு, படைவீரர் உண்டு, மாலுமிகள் உண்டு. யார் எவர் என்று தீவினர் வினவியதாக லூக்கா எழுதவில்லை.

இங்கே அவர் கையாளும் இரு கிரேக்கச் சொற்கள் ஊன்றி நோக்கத்தக்கவை. தீவினரைப் ‘பார்பரோயி’ என்கிறார். கிரேக்கம் பேசாதவர், நாகரிக வட்டத்திற்குப் புறம்பானவர் என்பது அச்சொல்லின் பொருள். கற்றறிந்த கிரேக்கர் எவரும் இயல்பாகப் பயன்படுத்திய சொல் அது. ஆனால் அதே வாக்கியத்தில், அவர்கள் காட்டிய பரிவுக்குப் ‘பிலாந்த்ரோப்பியா’ என்று பெயரிடுகிறார். மனிதநேயம் என்று அதனைத் தமிழாக்கலாம். இப்பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று இது. மற்றொன்று தீத்துவுக்கு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம். அங்கே அது மனிதர்மீது கடவுள் கொண்ட அன்பைக் குறிக்கிறது. கடவுளின் அன்புக்கு வழங்கிய சொல், மறையறியாத தீவினர் மூட்டிய நெருப்புக்கும் வழங்குகிறது. தம் சமுதாயம் கற்பித்த ஏளனச் சொல்லும், தாம் கண்டறிந்த உண்மையும் ஒரே வாக்கியத்தில் மோதும்படி லூக்கா எழுதிவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. திருத்தூதர் பணிகள் நற்செய்தி பரவிய வரலாற்றைக் கூறும் நூல். பவுலடியார் மால்தாவில் மூன்று மாதம் தங்கினார். ஆயினும் அவர் அங்கே மறையுரை ஆற்றியதாகவோ திருமுழுக்கு அளித்ததாகவோ லூக்கா ஒரு வரியும் எழுதவில்லை. நோயாளரைக் குணமாக்கியதைச் சொல்கிறார். தீவினர் செய்த சிறப்புகளையும், புறப்படும்போது அவர்கள் கொடுத்தனுப்பிய பொருள்களையும் சொல்கிறார். நற்செய்தி வரலாற்றை எழுத வந்தவர், இத்தீவைப் பொறுத்தவரை, தாம் பெற்றதையே பெரிதும் பதிவு செய்கிறார். பவுலின் கையில் பாம்பு பற்றியபோது தீவினர் அவரைக் கொலைகாரர் என்று கருதியதையும், தீங்கு நேராதது கண்டு தெய்வம் என்று கருதியதையும் நகையாடாமல் எழுதுகிறார். விருந்தளித்தவரின் நம்பிக்கையை விருந்தினர் எள்ளக்கூடாது என்ற நாகரிகம் அதில் இருக்கிறது.

திறனாய்வு என்றால் குறையையும் கூறவேண்டும். மூன்று மாதம் உண்ட உணவைப் பற்றி லூக்கா எதுவும் கூறவில்லை. தீவினரின் மொழியைக் கூறவில்லை. தீவின் தலைவராகிய புப்ளியுவின் பெயரைத் தருகிறார்; மழையில் விறகு தேடித் தீ மூட்டியவர்களுள் ஒருவர் பெயரையும் தரவில்லை. நிலபுலம் உடையவர் பெயர் ஏட்டில் ஏறுவதும், கைகளால் உதவியவர் பெயர் விடுபடுவதும் அன்றே தொடங்கிவிட்டன எனலாம்.

லூக்கா சொல்லாது விட்டவற்றை இன்றைய பயணி காணமுடியும். மால்தாவிலும் அதன் அருகிலுள்ள கோசோத் தீவிலும் மாபெரும் கற்கோயில்கள் உள்ளன. கோசோவின் ஜிகந்தியா சுமார் கி.மு. 3600 அளவில் எழுந்தது. எகிப்தின் பிரமிடுகளுக்கு முற்பட்டது. இரும்புக் கருவி அறியாத மக்கள் அக்கற்களை நிறுத்தினர். பிற்காலத்தவர் இதை மனிதர் செய்திருக்க முடியாது, அரக்கரே செய்திருக்க வேண்டும் என்று எண்ணினர். பெயரும் அவ்வாறே அமைந்தது. ஹால் சப்லியெனி என்னுமிடத்தில் பாறையைக் குடைந்து நிலத்தடியில் அமைத்த ஈமக்கூடம் 1902இல் வெளிப்பட்டது.

உணவும் அத்தீவின் வரலாற்றைச் சொல்லும். ரொட்டித் துண்டில் தக்காளியைத் தேய்த்து ஒலிவ எண்ணெய் ஊற்றி உண்பது உழைப்பாளரின் எளிய உணவு. முயற்கறி அவர்களுக்கு விருந்து. தவக்காலத்திற்கென்றே வாதுமைப் பருப்பில் செய்யும் ‘குவாரெசிமால்’ என்னும் பண்டம் உண்டு. இவற்றைவிட வியப்புக்குரியது மொழி. மால்தா மொழி அரபு வழி வந்தது. அக்கத்தோலிக்க மக்கள் கடவுளை ‘அல்லா’ என்றே அழைத்து மன்றாடுகின்றனர்; தவக்காலத்தை ‘ரந்தான்’ என்கின்றனர். அது ரமலான் என்னும் சொல்லின் உறவு. முன்னோர் ‘சர்வேசுரன்’ என்று செபித்ததைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கருக்கு இது புதிராக இராது. அயலார் சொல்லில் தம் கடவுளைக் கண்டு போற்றுவது நம் வீட்டு வழக்கமும் ஆகும். இதனை எழுதும் திருப்பயணி அன்றோ நமக்குப் பயன்படுபவர்!

அத்தீவின் இன்றைய நிலையையும் அவர் எழுத வேண்டும். வட ஆப்பிரிக்காவிலிருந்து படகுகளில் தப்பி வருவோரை ஏற்பதா, மறுப்பதா என்ற வழக்கு அக்கடலில் ஓயவில்லை. 2022 ஏப்ரலில் மால்தா சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், இரபாத்திலுள்ள புனித பவுலின் குகையில் செபித்தார். அதே பயணத்தில் புலம்பெயர்ந்தோர் இல்லம் ஒன்றுக்கும் சென்றார். அவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் லூக்காவின் பக்கம் நிறைவு பெறுகிறது. குகையை மட்டும் படம் பிடித்துத் திரும்பும் கட்டுரை பாதிக் கட்டுரையே.

மால்தாவுக்குச் செல்லும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே கிட்டும். ஆனால் நம் மறைமாவட்டத்திலேயே ஒரு தீவு உண்டு. அதைக் கடல் சூழவில்லை. சேலத்துச் சமவெளி சூழ்ந்திருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சேர்வராயன் மலை. ஏரியும் காடும் சேர்ந்து பெயர் பெற்ற ஏற்காடு. ஊரின் நடுவே ஒண்டிக்கடை. ஒண்டியாய் ஒரு கடை நின்ற நாளை அப்பெயர் நினைவூட்டுகிறது. இன்று அங்கே நிற்பவர் கடைவரிசையையும் வண்டிகளின் நெரிசலையும் காண்பார். சூடான மிளகாய் பஜ்ஜியும், காப்பித் தூளும், மிளகுப் பொட்டலமும் கைமாறுகின்றன. வழி கேட்போருக்கு லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, படகுத்துறை என்று விடை கிடைக்கிறது.

நம் சுற்றுலாக் கையேடுகளும் இதழ்க் கட்டுரைகளும் இவ்விடங்களையே மீண்டும் மீண்டும் எழுதுகின்றன. சற்று வரலாறு தெரிந்தவர், 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பியைக் கொண்டுவந்ததைச் சேர்ப்பார். நம்மவர் எழுதினால், குளூனி சூசையப்பர் சபைச் சகோதரியரின் திரு இருதய மடத்துப் பள்ளி 1894இலும், மொன்போர் சகோதரர்களின் பள்ளி 1917இலும் தொடங்கியதைப் பெருமையோடு குறிப்பார். இவை உண்மைகள், எழுதத்தக்கவை. ஆனால் இவற்றோடு நின்றால், மலைமீது மக்களே இல்லாதிருந்த இடத்தில் வெள்ளையரும் துறவியரும் குடியேறியது போன்ற தோற்றம் ஏற்படுகிறது.

மக்கள் இருந்தனர், இருக்கின்றனர். மலையாளிகள் என்பது அவர்கள் பெயர். கேரளத்தாரோடு குழப்ப வேண்டா. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்ததாகவும், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகிய மலைகளில் தங்கியதாகவும் அவர்களிடையே வழங்கும் கதையைத் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். சாமையும் கேழ்வரகும் தினையும் அவர்தம் பழைய உணவு. மலையுச்சியில் குகைக்கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் உறைகின்றனர். அக்குகை காவிரி வரை நீள்கிறது என்பது மக்கள் நம்பிக்கை. மே மாதத்தில் அங்கே திருவிழா. அதே மாதத்தில் கீழே கோடை விழாவும் மலர்க்கண்காட்சியும் நடைபெறுகின்றன. ஒரே மாதம், ஒரே மலை, இரு விழாக்கள். நம் கட்டுரைகளுள் பெரும்பாலானவை மலர்க்கண்காட்சிக்கே மை செலவிடுகின்றன. குகையைச் சொல்ல நேர்ந்தால் ‘மூடநம்பிக்கை’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. பாம்பைப் பற்றித் தீவினர் எண்ணியதை எழுதிய லூக்காவின் நாகரிகம் இங்கே நினைக்கத்தக்கது.

தொன்மைக்கும் இம்மலையில் குறைவில்லை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்து இந்தியத் தொல்லியலில் ஒரு வாயிலைத் திறந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக் காலத்தில் வாழ்ந்தது ஏற்காட்டில்தான். சேர்வராயன் மலையில் கிடைத்த வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளையும் அவர் ஆராய்ந்தார். அவர் திரட்டிய தொல்பொருள்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் பெற்றது. நம் வடமாவட்ட மலைகளில் இத்தகைய கற்கோடரிகளை ஊர்க்கோயில்களில் வைத்து மக்கள் வணங்கி வருவதை ஆய்வாளர் பலர் கண்டு எழுதியுள்ளனர். கல்திட்டைகளை மக்கள் ‘பாண்டவர் வீடு’ என்றும் ‘குள்ளர் வீடு’ என்றும் அழைக்கின்றனர். மால்தாவில் அரக்கர் செய்தது என்றனர். இங்கே குள்ளர் செய்தது என்றனர். இரு நாட்டு மக்களும் தம் முன்னோரின் கைத்திறனைக் கண்டு திகைத்தே இவ்வாறு சொன்னார்கள். ஜிகந்தியாவைக் காணப் பல்லாயிரம் செலவிடும் நாம், சேர்வராயன் கற்களைக் கடந்து படகுத்துறைக்கு விரைகிறோம்.

அருங்காட்சியகப் பட்டியலில் ஃபூட் பெயர் உண்டு. காப்பியின் வரலாற்றில் காக்பர்ன் பெயர் உண்டு. கற்கள் கிடக்கும் இடத்தைக் காட்டியவர் பெயர், காப்பிச் செடிக்குக் குழி வெட்டியவர் பெயர், நம் முதல் மறைப்பணியாளருக்கு மலைவழி காட்டியவர் பெயர் எங்கே? புப்ளியுவின் பெயரை எழுதித் தீ மூட்டியவரை விட்ட அதே பிழை, பத்தொன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னும் தொடர்கிறது. லூக்காவாவது அவர்கள் செய்த உதவியை எழுதினார். நம்மில் பலர் உதவியையும் எழுதுவதில்லை.

வள்ளுவர் அதிகாரங்களை வைத்த முறையை எண்ணிப் பார்க்கலாம். ஒன்பதாவது விருந்தோம்பல், அது வீட்டாரின் கடமை. பதினொன்றாவது செய்ந்நன்றி அறிதல். அது விருந்தினரின் கடமை. இரண்டிற்கும் இடையே இனியவை கூறல் நிற்கிறது. பயண இலக்கியத்தின் இடமும் அதுவே என்பது என் துணிபு. பெற்ற விருந்தை நன்றியாக மாற்றும் சொல்லே பயணக் கட்டுரை. அந்த நன்றி இல்லாதபோது, எத்துணை அழகிய நடையில் எழுதினாலும் அது செலவுக் கணக்காகவே முடியும்.

ஆகவே இனிப் பயணக் கட்டுரை எழுத அமர்வோருக்கும், பங்குகளிலும் பள்ளிகளிலும் விழா மலர் தொகுப்போருக்கும் ஒரு வேண்டுகோள். பேராலயத்தின் உயரத்தை எழுதுங்கள். அதன் வாயிலில் உங்களுக்கு வழி சொன்னவரையும் எழுதுங்கள். மலைக்குச் செல்பவர், மலையாளி முதியவர் ஒருவரிடம் அவர் பெயரையும், அவர் ஊரின் பெயரையும், அவர் வீட்டில் என்ன தானியம் விளைந்தது என்பதையும் கேட்டு, அவர் இசைவோடு எழுதுங்கள். அவர் களியும் கீரையும் தந்தால் அதன் சுவையை எழுதுங்கள். அவர்தம் சேர்வராயனைப் பற்றி அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். நம் மலையைப் பற்றிய எழுத்தில் நெடுநாளாக விடுபட்டிருப்பது அந்த ஒரு பக்கமே.