உடுப்புக் கட்டியவனும் கூத்தும்: மட்டக்களப்பு வடமோடி பற்றி ஒரு குறிப்பு

மட்டக்களப்பின் நாட்டார் கலைகளை ஆராய்வோர் கூத்தை நாடகவியலுக்கும், கைவினையைக் குடிசைக் கைத்தொழிலுக்கும் உரியனவாகப் பிரித்து நோக்குவது வழக்கம். கிராமத்தில் இப்பிரிவு இல்லை. வடமோடிக் கூத்தரின் கரப்புடுப்பினை எடுத்துக்கொள்வோம். இடையிலிருந்து வளையங்கள் தாங்க விரியும் இவ்வுடுப்பும் பாரமான கிரீடமும் சேர்ந்து ஆட்டத்தையே நிர்ணயிக்கின்றன; அவற்றை அணிந்தவன் நெளிந்தாடல் அரிது, நிமிர்ந்தே ஆடவேண்டும். தென்மோடியில் உடுப்பு இலகுவானது. அங்கே ஆட்ட நுணுக்கங்கள் மிகுந்திருப்பது தற்செயலன்று. ஆகவே உடுப்புக் கட்டியவனும் ஆட்டத்தை ஆக்கியோருள் ஒருவனாகின்றான்.

1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ கூத்தினைத் தயாரித்தபோது, விடியும்வரை ஆடப்பட்டது சுருங்கியது. வட்டக்களரியினின்றும் படச்சட்ட மேடைக்கு வந்தது. படித்தோரிடையே கூத்துக்கு மதிப்பை ஈட்டித்தந்த அம்முயற்சியின் பெருமை மறுக்கற்பாலதன்று. ஆயினும், நாற்புறத்தாரும் காணச் சுழன்ற கரப்புடுப்பு அங்கே முன்னிருந்தோர்க்கு மட்டும் உரியதாயிற்று. இம்மாற்றத்தை நம் விமர்சகர் பாட்டும் தாளமும் பற்றிப் பேசிய அளவுக்குப் பேசினாரல்லர்.

அண்ணாவிமாரின் பெயர்கள் ஆய்வேடுகளில் ஏறியுள்ளன. கிரீடஞ் செய்தவன், மத்தளத்துக்குத் தோல் கட்டியவன் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் ஏறவில்லை. கையுழைப்பைக் கலையினுந் தாழ்ந்ததாகக் கொள்ளும் சாதி நோக்கு, முற்போக்கெனக் கூறிக்கொள்ளும் நமது ஆய்வுமுறைக்குள்ளும் புகுந்துள்ளதன்றோ?