இரட்டைப் பிரதி காப்புப் பிரதி ஆகுமா?

‘விண்டோஸ் ஹோம் சர்வர்’ பற்றி ஒரு விமரிசனம்

“அம்மா, நம் வீட்டில் ஏன் ஒரு சர்வர் இருக்கிறது?” இது ஒரு படப் புத்தகத்தின் பெயர். அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் ‘விண்டோஸ் ஹோம் சர்வர்’ என்னும் மென்பொருளை விளம்பரம் செய்வதற்காக, குழந்தைகள் நூலைப் போல வேடிக்கையாக வெளியிட்டது. பெயர் வேடிக்கையானாலும் கேள்வி நியாயமானது. அந்த மென்பொருள் மறைந்துவிட்டது, கேள்வி மறையவில்லை. குடும்பத்தின் புகைப்படம், பாட்டு, திரைப்படம் யாவும் இன்று எண்களாக மாறிக் கணிப்பொறிக்குள் கிடக்கின்றன. அவற்றை எங்கே வைப்பது? எப்படிக் காப்பது? இதற்கு அந்த மென்பொருள் அளித்த விடை எவ்வளவு தூரம் சரி என்று நாம் சீர்தூக்கிப் பார்ப்போம்.

சாதனம் எத்தகையது?

மற்றக் கணிப்பொறிகளுக்குப் பணி செய்வதற்கென்றே ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியே சர்வர். அலுவலகங்களில் இது பழைய செய்தி. இதை வீட்டிற்குக் கொண்டுவரும் திட்டத்தை 2007 ஜனவரியில் லாஸ் வேகாஸ் பொருட்காட்சியில் பில் கேட்ஸ் அறிவித்தார். ஜூலையில் மென்பொருள் தயாராயிற்று. நவம்பரில் ஹெச்பி நிறுவனத்தின் ‘மீடியாஸ்மார்ட்’ பெட்டி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. ஒரு மூலையில் வைத்து, வீட்டுக் கணிப்பொறிகளோடு இணைத்துவிட்டால் போதும். 500 ஜிகாபைட் தட்டு ஒன்று கொண்ட பெட்டி 599 டாலர். அத்தகைய தட்டுகள் இரண்டு கொண்டது 749 டாலர். இந்த இரண்டு விலைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாராட்ட வேண்டியவை

முதலில் நிறைகளைச் சொல்வோம். வீட்டிலுள்ள பத்துக் கணிப்பொறிகள் வரை, ஒவ்வோர் இரவும் யாரும் சொல்லாமலே இது காப்புப் பிரதி எடுத்துவிடும். மனிதன் மறக்கிற வேலையை இயந்திரத்திடம் விட்டது அறிவுடைமை.

பத்துக் கணிப்பொறிகளுக்கும் இடம் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். இங்கே ஓர் அழகான யுக்தி உண்டு. ஒரு தெருவில் ஐந்து வீட்டார் ஒரே நாளிதழை வாங்குகிறார்கள். அவற்றைச் சேமிக்கும் நூலகர் ஐந்து பிரதிகளை அடுக்குவாரா? ஒன்றை வைத்துக்கொண்டு, ‘இது ஐவருக்கும் உரியது’ என்று குறித்துக்கொள்வார். ஹோம் சர்வரும் அப்படியே. ஒரே தகவல் துண்டு பல கணிப்பொறிகளில் இருந்தால் ஒருமுறை மட்டுமே சேமித்தது.

இன்னொரு நிறை, வெவ்வேறு அளவுள்ள தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே பெரிய களஞ்சியமாக்கியது. பெட்டி பழுதானாலும் தட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் பொருத்திக் கோப்புகளைப் படிக்க முடிந்தது. இதன் அருமை பின்னால் தெரியும்.

எங்கே தவறியது?

பொதுக் களஞ்சியத்திலுள்ள கோப்புகளை இரண்டு தட்டுகளில் இரட்டைப் பிரதியாக வைக்கும் வசதியும் இருந்தது. ஒரு தட்டு கெட்டால் மற்றது காக்கும். ஆகவே எச்சரிக்கையுள்ளவர்கள் இரண்டு தட்டுப் பெட்டியை நாடுவது இயல்பு.

2007 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சர்வரிலுள்ள கோப்பைச் சில மென்பொருள்களால் அங்கேயே திறந்து திருத்தினால் கோப்பு சிதைந்து போகக்கூடும் என்பதே அது. புகைப்படத் தொகுப்பு மென்பொருள்களும் வரவு செலவுக் கணக்கு மென்பொருள்களும் அப்பட்டியலில் இருந்தன. காரணம் என்ன? கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முகவரிச் சீட்டு மட்டும் இருக்கும். உண்மைக் கோப்பு வேறொரு தட்டில் இருக்கும். சீட்டைப் பார்த்து வழிதிருப்பும் பகுதி, வேலைப் பளுவிலும் நேரப் பொருத்தத்திலும் சில சமயம் நினைவக நிர்வாகத்தோடு தாளம் தவறியது. பிழையான தகவல் தட்டில் எழுதப்பட்டது.

ஒரே தட்டு உள்ள பெட்டிகளுக்கு இந்த ஆபத்து கிடையாது! அதாவது, பாதுகாப்புக் கருதி அதிக விலை கொடுத்தவர்களே ஆபத்துக்கு உள்ளானார்கள். பிழையைத் தீர்க்கும் திருத்தம் வந்தது 2008 ஜூலையில். இடைப்பட்ட ஏழு மாதமும், குடும்பப் படங்களை நம்பி வைத்த இடத்திலேயே அவற்றைத் தொட அஞ்ச வேண்டியிருந்தது.

எந்த மென்பொருளில்தான் பிழை இல்லை என்று சிலர் வாதிக்கலாம். உண்மை. நிறுவனம் பிழையை மறைக்காமல் வெளியிட்டதையும் ஒப்புக்கொள்வோம். ஆனால் நாம் குறை கூறுவது பிழையை அல்ல. பிழை நேர்ந்தால் தாங்கும் ஏற்பாடு இல்லாததை. மற்றக் கணிப்பொறிகளுக்கெல்லாம் இரவுதோறும் காப்புப் பிரதி எடுத்த சர்வர், தன் பொதுக் களஞ்சியத்திற்கு மட்டும் எடுக்கவில்லை! வெளித்தட்டில் அப்படி எடுக்கும் வசதியே அந்த 2008 திருத்தத்தோடுதான் வந்தது.

இரட்டைப் பிரதி இருந்ததே எனலாம். அங்கேதான் கருத்துக் குழப்பம். இரு பிரதிகளையும் எப்போதும் ஒன்றுபோல் வைத்திருப்பதே இரட்டிப்பு முறையின் வேலை. கோப்பு சிதைந்தால் சிதைவும் இரட்டிக்கும். தவறி அழித்தால் இரண்டும் அழியும். காப்புப் பிரதி என்பது நேற்றைய நிலையை நினைவில் வைத்திருப்பது. இன்றைய தவறு அதைத் தீண்டக்கூடாது. பெட்டிக்குத் தீயோ திருட்டோ நேர்ந்தாலோ, உள்ளே எத்தனை தட்டு இருந்தும் பயனில்லை.

முடிவும் பாடமும்

2010 நவம்பரில் நிறுவனம் தட்டுகளைச் சேர்க்கும் வசதியை அடுத்த பதிப்பிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. பெரிய தட்டுகள் மலிவாகிவிட்டன என்பது சொல்லப்பட்ட சமாதானம். இருந்த சிறப்புகளில் ஒன்று போயிற்று. ஹெச்பியும் விலகிக்கொண்டது. 2011 பதிப்பே கடைசி. அதற்கான ஆதரவும் 2016 ஏப்ரலில் முடிந்தது. அப்போது தப்பித்தவர்கள் யார்? தட்டைக் கழற்றி வேறு கணிப்பொறியில் படிக்க முடிந்தவர்கள்தாம். நாம் முன்பு பாராட்டிய எளிய குணம் அன்று கைகொடுத்தது.

அப்படியானால் வீட்டு சர்வரே வேண்டாமா? வேண்டும். ஒரு டெராபைட் சேமிப்பை வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் வெளியூர்ச் சேமிப்பகத்திற்கு அனுப்பினால் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். வீட்டுக்குள் கம்பி வழியே சில மணி நேரம் போதும். வீட்டார் அனைவரும் ஒரே படத்தொகுப்பைப் பார்க்கவும் வசதி.

இன்று ‘நாஸ்’ என்ற பெயரில் இத்தகைய பெட்டிகள் பல விற்கின்றன. வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். நான் இன்று அழித்த கோப்பின் நேற்றைய நிலையை இது திருப்பித் தருமா? பெட்டியின் நிறுவனமே மறைந்தாலும் தட்டைப் படிக்க முடியுமா? வீட்டிற்கு வெளியே ஒரு பிரதி போகிறதா? பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இதற்கு எளிய கணக்கு வகுத்தார்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில்.

காப்புப் பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டும் பாருங்கள். திறந்து பாராத பெட்டகத்தில் என்ன இருக்கிறது என்று எவராலும் உறுதி கூற முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு படத்தை மீட்டுப் பாருங்கள்.