ஓஸ் குறைந்தால் தொல்லை குறையும்

டிராக்டர் முகப்பில் மண் அள்ளும் லோடரைப் பூட்டினால் நான்கு எண்ணெய் வழிகள் கூடவே வந்துவிடும். லோடரின் கையைத் தூக்க ஒன்று, இறக்க ஒன்று. பக்கெட்டைக் கவிழ்க்க ஒன்று, நிமிர்த்த ஒன்று. இது பெரும்பாலும் எந்த நாட்டிலும் மாறாது. அவற்றை எப்படி இழுத்துக் கட்டுகிறார்கள் என்பதில்தான் நம் ஊர்ப் பட்டறைக்கும் இலங்கைக் கராஜுக்கும் வித்தியாசம் தெரிகிறது.

நம் ஊரில் ஓஸுக்குப் பஞ்சமில்லை. கேட்ட நீளத்துக்கு வெட்டி, முனையை அமுக்கிக் கையோடு கொடுத்துவிடுகிறார்கள். அந்த வசதிதான் வினை. வால்விலிருந்து பக்கெட் சிலிண்டர் வரை ஒரே ஓஸாக இழுத்து, மிச்சத்தைச் சுருட்டிக் கட்டுக்கம்பியால் இறுக்கி விடுகிறார்கள். கை ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தச் சுருள் எதிலாவது உரசும். செங்கல் சூளையில் ஓடும் வண்டியென்றால் புழுதியும் சேர்ந்து அரம்போல் அராவும். மேல்தோல் போய் உள்ளே கம்பிப் பின்னல் தெரிந்தும், ‘இந்த சீசன் ஓடட்டும்’ என்று விடுகிறவர்களே அதிகம்.

இலங்கையில், கிளிநொச்சிப் பக்கம், மண் வேலைக்குப் பெரும்பாலும் பெக்கோ எனப்படும் மண் தோண்டும் இயந்திரத்தைத்தான் கூப்பிடுகிறார்கள். உழவு இயந்திரத்தில் லோடர் பூட்டுவது குறைவு. அப்படிப் பூட்டிய ஒரு மெசி பெர்குசன் 240ஐப் பரந்தனில் பார்த்தேன். தூக்கும் கையின் உட்புறமாக இரும்பு பைப் ஓடுகிறது. கீல் மடங்கும் இடத்தில் மட்டும் முழ நீள ஓஸ். “தேயிற சாமான் ஹோஸ்தான் அண்ணை. அதை எவ்வளவு குறைச்சுப் போடலாமோ, அவ்வளவு குறைச்சுப் போடுறம்,” என்றார் கராஜ்காரர். 2022 பொருளாதார நெருக்கடியில் டாலர் இல்லாமல் உதிரிப்பாகத்துக்கு அலைந்த நாட்கள் படிப்பித்த பாடமாம். ஐரோப்பிய லோடர்கள் பலவும் தொழிற்சாலையிலிருந்தே இப்படித்தான் வருகின்றன என்றேன். சிரித்தார்.

அவரிடமும் ஒரு குறை உண்டு. சிக்கனம் மிஞ்சி ஓஸை விறைப்பாக வெட்டிவிடுகிறார். அழுத்தம் ஏறும்போது ஓஸ் நூற்றுக்கு நான்கு பங்கு வரை குட்டையாகலாம். தளர்வு இல்லாவிட்டால் நிப்பிள் அருகே பிய்யும். ஜப்பான் இயந்திரங்களில் கழற்றிய நிப்பிளைப் பிரிட்டிஷ் மரையில் ஏற்றுவதும் அங்கே நடக்கிறது. சிலவற்றில் மரை ஒன்றுபோல் ஏறும். உள்ளே உட்காரும் கூம்பு பொருந்தாது. எவ்வளவு முறுக்கினாலும் கசியும்.

ஆனாலும் என் ஓட்டு பரந்தன் முறைக்கே. பைப் மட்டும் அழுத்தம் தாங்கும் தையலில்லாக் குழாயாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் வேண்டாம். ஓஸின் மேல் அச்சிட்ட கோடு நேராக ஓடினால் முறுக்கு விழவில்லை என்று அர்த்தம். கிளாம்பை இறுக்குவதற்கு முன் கையை முழுக்கத் தூக்கி, பக்கெட்டைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும், எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். கசிவைத் தேட விரலை நீட்டாதீர்கள், அட்டைத் துண்டைப் பிடியுங்கள்: ஊசித் துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.