முத்திரையும் தராசும்

பின்னிய கூடைக்கும் நெய்த துணிக்கும் கூடுதல் விலை கொடுத்தால் அது செய்தவர் கைக்குப் போய்ச் சேரும். நியாய வணிகத்தின் அடிப்படைக் கணக்கு இதுதான். குருநாகலில் 1991இல் தொடங்கிய செலின் கைத்தறிக்கு அது ஓரளவு பொருந்துகிறது. ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் இடறுகிறது. இங்கே பெருங்கைவினை கொழுந்து பறிப்பதுதான். அந்த விரல்களின் தேர்ச்சி நெசவுக்குக் குறைந்ததல்ல. ஆனால் கொழுந்தும் செடியும் குடியிருக்கும் லயமும் பறித்தவருக்குச் சொந்தமில்லை. அவர் விற்பது உழைப்பை.

பதுளை மாவட்டத்து இதல்கஸ்ஹின்ன தோட்டம் 1987இலேயே இயற்கைமுறைக்கு மாறி, பின்னர் நியாய வணிக முத்திரையும் பெற்றது. முத்திரையோடு விற்கும் தேயிலைக்குக் கிலோவுக்குச் சுமார் அரை டாலர் உபரித்தொகை வரும். அதை எதற்குச் செலவிடுவது என்று தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழு தீர்மானிக்கிறது. துரை சொன்னால் மறுபேச்சில்லை என்றிருந்த மலையில் கொழுந்துக்காரப் பெண் வரவுசெலவு கேட்கிறார். இம்முறையில் நான் முதலில் மதிப்பது இதைத்தான்.

இனிப் பணம். ஒருவர் ஒருநாளில் பறிக்கும் 18 கிலோ பச்சைக் கொழுந்து, ஸ்டோர் எனப்படும் தோட்டத் தொழிற்சாலையில் ஏறக்குறைய 4 கிலோ தேயிலையாகும். அத்தனையும் முத்திரையோடு விற்றால் ஒருநாள் பறிப்புக்கு 2 டாலர். 2024இல் நாட்சம்பளமே 1,350 ரூபாய் என்னும்போது இது சில்லறையல்ல. ஆனால் வெளிநாட்டில் கேட்கும் அளவுதான் அப்படி விலைபோகும். மிச்சம் கொழும்பு ஏலத்தில் மற்றத் தேயிலையோடு சேர்ந்துவிடும். வந்த தொகையும் பெரும்பாலும் பொதுச் செலவுக்கே: பிள்ளைகளின் படிப்பு, சிறுகடன், கூரைத் தகடு. கூரைத் தகடுதான் எனக்கு உறுத்துகிறது. ஒழுகும் லயத்தைத் திருத்துவது கம்பனியின் கடமை. அதற்குத் தொழிலாளர் பணம் போனால், தேநீர் குடிப்பவர் மனமுவந்து தந்தது கம்பனிக்கு மானியமாகிறது. நிலமில்லாக் குறையையோ இத்தொகை தொடுவதே இல்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அபாயத்தை முன்பே எச்சரித்திருந்தார்கள். அங்கிருந்தவர்களுக்குப் போவதற்குச் சொந்தமாக வேறு காணி இருக்கவில்லை.

2021இல் சம்பளம் 1,000 ரூபாயானதும் பல தோட்டங்களில் நாளுக்குப் பறிக்க வேண்டிய நிறை ஏறியது. ஆகவே முத்திரைக்காகத் தணிக்கைக்கு வருபவர் சம்பளச் சீட்டைப் பார்ப்பதோடு கொழுந்து நிறுக்கும் தராசடியிலும் நிற்க வேண்டும்.

இப்போது சில கம்பனிகள் தேயிலை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை நிறைக்கு வாங்குகின்றன. தொழிலாளியைச் சிறு உற்பத்தியாளர் ஆக்குவதாகச் சொல்கிறார்கள். காணி உறுதி மட்டும் கைமாறுவதில்லை. முத்திரை கொடுப்பவர்கள் முதலில் அந்த ஒப்பந்தத்தை வாசிக்கட்டும்: கொழுந்துக்கு விலை வைப்பது யார், வேறு ஸ்டோருக்கு விற்கலாமா, உரச் செலவு யாருடையது, ஊழியர் சேமலாப நிதி தொடருமா.